பத்து வார்த்தைத் தாலாட்டு

இல்லங்க, கேள்வியம்மா மாத்திரை எல்லாம் எழுதிக் குடுக்க மாட்டா. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே தவிர, ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. ஒரு நாள் கீழ் வீட்டுக்காரர் முட்டி வலின்னு பேண்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு மாடி ஏறி வந்துட்டாரு. உக்கார வெச்சுத் தண்ணி குடுத்து, "நான் மூளைக்குத்தான் அங்கிள், முட்டிக்கு இல்ல"ன்னா. அந்த மனுஷன் சுருட்டின பேண்ட்டை இறக்கி விட்டாரு. "அப்ப என் சம்சாரத்தை அனுப்பி வைக்கிறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு.

அவ வேலை கேள்வி கேக்கிறது. வயசானவங்களுக்கு ஞாபகம் எவ்வளவு இருக்கு, எங்க இருந்து நழுவ ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. மூளை செய்யிற வேலையை வெளிய இருந்தே அளந்து பாக்கிற படிப்பு அது. பிறந்ததுல இருந்தே கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா, இப்ப அதுக்குச் சம்பளம் தர்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வியம்மான்னு பேர் வெச்சது அவங்கப்பா. அவரு பஸ் டிரைவர். அவங்கம்மா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு, பொண்ணு நேரா அப்பா பஸ்ஸுல ஏறி அவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்துக்குவா. உக்காந்தா வாய் மூடாது. ஏம்ப்பா ஹாரன் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கு? ஏம்ப்பா அந்தப் பெரியவர் தினம் ஏறுறாரு, எங்கயும் இறங்க மாட்டேங்கிறாரு? டிரைவர் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு, "அவருக்கு எறங்குற இடம் மறந்து போச்சும்மா. கடைசி டிரிப்புல நாமளே வீட்டுல விட்டுருவோம்." அதுக்கு அடுத்த கேள்வி, "ஏறுற இடம் மட்டும் எப்படிப்பா ஞாபகம் இருக்கு?" டிரைவர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பதிலைத்தான் தேடிக்கிட்டு இருக்கா போல.

அவ வேலை பாக்கிற அறையை ஒரு தடவை பாத்தா மறக்காது. மறதியை அளக்கிற அறை இல்லையா. ஒரு மேஜை, எதிரெதிரா ரெண்டு நாற்காலி. சுவத்துல கடிகாரம் கிடையாது, காலண்டர் கிடையாது. ஏன்னா, "இன்னைக்கு என்ன தேதி"ன்னு கேட்டா எல்லாரும் சுவத்தைத்தான் பாப்பாங்க. "ஒரு கடிகாரம் வரைங்க"ன்னு சொன்னா அப்பவும் சுவத்தைப் பாப்பாங்க. அவளே கைக் கடிகாரத்தைக் கழட்டி டிராயருக்குள்ள வெச்சிட்டுத்தான் உக்காருவா. பென்சில் குடுப்பா, ரப்பர் குடுக்க மாட்டா. தப்பா வரைஞ்சதை அழிச்சிட்டா அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்?

அங்க ரெண்டு சட்டம். ஒண்ணு, எடுத்துக் குடுக்கக் கூடாது. எதிர்ல இருக்கிறவங்க வார்த்தை வராம எவ்வளவு திணறினாலும், கண்ணு கலங்கினாலும், பாதி எழுத்துகூட வாயில இருந்து வரக் கூடாது. ரெண்டு, சரி தப்பு சொல்லக் கூடாது. சொன்னது சரியா இருந்தாலும் "சரி, அடுத்தது." தப்பா இருந்தாலும் "சரி, அடுத்தது." ரெண்டு "சரி"யும் ஒரே மாதிரி இருக்கணும், எள்ளு அளவுகூட ஏத்த இறக்கம் கூடாது.

இந்தச் சட்டம் அறையோட நின்னா பரவாயில்ல. வீட்டுக்குள்ளயும் வந்துருச்சு. சமைச்சுப் போட்டுட்டு எப்படி இருக்குன்னு கேட்டா, "சரி"ம்பா. நல்லாயிருக்குன்னு அர்த்தமா, வாயில வைக்க முடியலன்னு அர்த்தமான்னு யாருக்கும் தெரியாது. அவ வீட்டுக்காரன் கப்பல்ல வேலை பாக்கிறவன். போன்ல ஒரு தடவை, "உன்னை ரொம்பத் தேடுது"ன்னு உருகி உருகிச் சொல்லியிருக்கான். இவ பழக்க தோஷத்துல "சரி"ன்னிருக்கா. "அடுத்தது என்னன்னு கேட்டுறாத தாயே"ன்னானாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இவ படிக்கிறப்ப கேள்வி கேட்டுப் பழக ஆள் வேணும். வீட்டுல இருந்தது அப்பா ஒருத்தர்தான். டூட்டி முடிஞ்சு வந்து சமையலறை மேஜையில டீ குடிக்க உக்காருவாரு, இவ பேப்பரை எடுத்துக்கிட்டு எதிர்ல உக்காந்துருவா. அவருக்கும் பிடிச்சிருந்துச்சு. நாள் பூரா ரோட்டைப் பாத்துட்டு வந்த மனுஷனுக்குப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்கார ஒரு சாக்கு. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் கேப்பாரு, "மார்க் எவ்வளவு?" இவ சொல்ல மாட்டா. "அட, பெத்தவன்கிட்டயுமா?"ன்னுவாரு. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுப்பா." அப்படியே வருஷம் ஓடிச்சு.

அந்தச் சோதனையில முக்கியமானது பத்து வார்த்தை. ஒவ்வொண்ணா வாசிப்பாங்க, கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் படம் வரை, எண்ணைத் தலைகீழா சொல்லுன்னு வேற வேற வேலையில இழுத்துப் போட்டுட்டு, திடீர்னு "அந்தப் பத்து வார்த்தை என்ன?"ன்னு கேப்பாங்க. அங்கதான் குட்டு உடையும். அந்தப் பத்தையும் தேர்ந்தெடுத்தது இவளும் வேலையில இவளுக்கு மேல இருக்கிற பெரிய மேடமும். லேசான காரியம் இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கக் கூடாது. கதவுன்னு வெச்சா பூட்டு கூடாது. படிச்சவங்களுக்கும் தெரியணும், படிக்காதவங்களுக்கும் தெரியணும். ஒன்பது தேறிடுச்சு, பத்தாவது கிடைக்கல. ராத்திரி சாப்பாட்டுல இவ புலம்புறதைக் கேட்டுட்டு டிரைவர் சோத்துக் கையோட சொன்னாரு, "ஹாரன் வை. காது இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

வெச்சிட்டாங்க. வாளி, புறா, ஜன்னல், எலுமிச்சை, சட்டை, மேகம், ஹாரன், தங்கச்சி, பாறை, பொம்மை. எத்தனையோ ஊருல எத்தனையோ வயசானவங்க இந்த வார்த்தையைச் சொல்லித் திணறியிருக்காங்க. அதுல ஒண்ணு தன்னோடதுன்னு டிரைவருக்குத் தலைகால் புரியாது.

அப்புறம் பேத்தி பொறந்தா. அந்தக் கன்னத்தைப் பத்தி மட்டும் எழுதச் சொன்னா ஒரு கட்டுப் பேப்பர் பத்தாது. மாவு உருட்டி ரெண்டு பக்கமும் ஒட்டி வெச்ச மாதிரி. சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாம போயிரும். காலு இருக்கே, மடிப்புக்குள்ள மடிப்பு. சரி, விடுங்க, எழுத ஆரம்பிச்சா கதை நகராது.

குழந்தைக்கு ரெண்டு தாத்தா. ஒருத்தர் டிரைவர், இன்னொருத்தர் இவ மாமனார், லிஃப்ட் ரிப்பேர் பாத்து ரிட்டயர் ஆனவரு. டிரைவர் மகளோடயே இருக்காரு. லிஃப்ட்காரர் ரெண்டு தெரு தள்ளித் தனியா இருக்காரு, ஆனா அவரு செருப்பு எப்பவும் இங்கதான் கிடக்கும். சம்பந்திங்க ரெண்டு பேரும் சந்திச்சா போதும், டிரைவர் ஆரம்பிச்சிருவாரு.

"மூக்கு எங்க வம்சம், சம்பந்தி."

"மூக்கு உங்களோடதுதான். அதுல சளி ஒழுகுறதும் உங்க வம்சம்தான்."

"நீங்க மேலயும் கீழயும் போனதைத் தவிர வாழ்க்கையில எங்க போயிருக்கீங்க?"

"நீங்க எங்க போனீங்க? ஸ்டாண்டுல இருந்து ஸ்டாண்டுக்கு."

குழந்தை ரெண்டு பேரு சட்டையிலயும் பாரபட்சம் பாக்காம பால் கக்கும்.

டிரைவருக்குத் தாலாட்டு தெரியாது. கேள்வியம்மாவோட அம்மா இருந்தப்ப அதெல்லாம் அவங்க பாத்துக்கிட்டாங்க. அழுற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு என்ன பாடுறதுன்னு முழிச்சாரு, வாயில எது இருந்துச்சோ அது வந்துச்சு. "வாளீ... புறா... ஜன்னல்... எலுமிச்சை..." இழுத்து இழுத்து ஒரு ராகம். பொம்மைக்கு வர்றதுக்குள்ள குழந்தை தூங்கிப் போச்சு. அன்னைல இருந்து அதுதான் தாலாட்டு. பக்கத்து அறையில கேட்டுக்கிட்டிருந்த கேள்வியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல. வெளியில யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அலமாரியில பூட்டி வைக்கிற லிஸ்ட்டு, வீட்டுல தாலாட்டாப் போச்சேன்னு சிரிச்சா. சிரிச்சதோட விட்டுட்டா.

பிரசவ லீவு முடியிற நாள் வந்துச்சு. புருஷன் கப்பல்ல. குழந்தையைப் பகல்ல அப்பா பாத்துக்குவாருன்னு ஏற்பாடு. கொஞ்ச நாள் அரை நாளா வேலைக்குப் போய்ப் பழகிக்கலாம், அப்புறம் முழு நாள். ரிட்டயர் ஆன டிரைவருக்குத் திரும்ப வேலை கிடைச்ச மாதிரி ஒரு மிடுக்கு. விடிஞ்சதும் ஷேவ் பண்ணிட்டு நிப்பாரு.

ஒரு நாள் மருந்துக் கடையில, கடைக்காரர் குழந்தையைப் பாத்து டிரைவர்கிட்ட கேட்டாரு, "எத்தனை மாசம் ஆச்சு?" டிரைவர் வாயைத் திறந்தாரு. திறந்துட்டு, கழுத்தைத் திருப்பி மகளைப் பாத்தாரு. அவ்வளவுதான். "ஏழு"ன்னா கேள்வியம்மா.

அந்தக் கழுத்துத் திருப்பல் அவளுக்குத் தெரியாததில்ல. அறையில தினம் பாக்கிறது. கேள்வி கேட்டதும் கூட வந்தவங்க பக்கம் திரும்புவாங்க, பதில் அங்க எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி. சும்மா திரும்புறவங்களும் உண்டு. ஆனா அவ கணக்குல அது ஒரு அறிகுறி. வேற யாராவது திரும்பியிருந்தா பேப்பர்ல ஒரு சின்னக் கோடு போட்டிருப்பா. அப்பாங்கிறதால பேபி பவுடர் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம் குளிக்கிற தண்ணி. இவ வேலையில இருந்து வந்தப்ப லிஃப்ட்காரர் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. உள்ள கூட்டிட்டுப் போகாம அங்கயே சொன்னாரு. "தப்பா நினைக்காதம்மா. உங்கப்பா டப்புல வெந்நீர் மட்டும் ஊத்தி வெச்சாரு. பச்சைத் தண்ணி கலக்கல. குழந்தைக்குச் சட்டையைக் கழட்டித் தூக்கிட்டு வந்துட்டாரு. நான் எதேச்சையா கைய விட்டேன்." கையைக் காட்டினாரு. விரலெல்லாம் செவந்து கிடந்துச்சு.

உள்ள இருந்து டிரைவர் கேட்டுட்டாரு. "கலக்கத்தான் போனேன்! இவரு குறுக்க வந்து கைய விட்டாரு. பேத்தி எங்கிட்ட ஒட்டிக்கிட்டான்னு இவருக்குப் பொறாமை."

"பொறாமை இல்ல சம்பந்தி, பயம்."

"என்ன பயம்? எத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன், ஒரு கீறல் உண்டா? என் மூளைல என்னமோ கோளாறுன்னு சொல்ல வர்றாரு. வீட்டுலயே டாக்டரை வெச்சுக்கிட்டு எதுக்குப் பேச்சு? ஏய் கேள்வி, எடு உன் பேப்பரை. வை டெஸ்ட்டு."

வெச்சா. அதே மேஜை, அதே டீ. வார்த்தையைச் சொன்னா, பத்தும் திரும்பி வந்துச்சு. மத்த வேலையெல்லாம் குடுத்து இழுத்தடிச்சிட்டு மறுபடி கேட்டா. தண்ணி மாதிரி கொட்டினாரு, வரிசைகூட மாறல. லிஃப்ட்காரர் சுவத்துல சாஞ்சு கேட்டுக்கிட்டு நின்னாரு. "என்ன சம்பந்தி, நீங்க சொல்லுங்க பாப்போம்"னு டிரைவர் ஏத்தி விட்டாரு. லிஃப்ட்காரருக்கு நாலுக்கு மேல வரல.

கேள்வியம்மா பேப்பரை மடிச்சு வெச்சா. "மாமா, அப்பா நல்லாத்தான் இருக்காரு. தண்ணி விஷயம் ஏதோ அசதி"ன்னா. கொஞ்சம் வெடுக்குன்னுதான் சொன்னா. லிஃப்ட்காரர் "சரிம்மா, தப்பு எம்மேலதான்"னு செருப்பை மாட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் அந்தச் செருப்பு வாசல்ல இல்ல.

அந்த வாரமே வேலையில புதுசா மூணு பேர் சேந்தாங்க. கேள்வி கேக்கப் பழக்கி விடுறது கேள்வியம்மா பொறுப்பு. எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. கடிகாரத்தைக் கழட்டுங்க, குரலை ஏத்தாதீங்க, எடுத்துக் குடுக்காதீங்க. அப்புறம் எப்பவும் சொல்றதையே சொன்னா, "ஒரே ஆளுக்கு அதே லிஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. மனப்பாடம் ஆயிரும். அப்புறம் நாம அளக்கிறது அவங்க மூளையை இல்ல, நம்ம..."

நிறுத்திட்டா. காதுக்குள்ள வாளீ, புறான்னு ராகம் ஓடுது. புதுப் பசங்க இதுவும் பாடம் போலன்னு பேனாவைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க.

இத்தனை வருஷம், டீயோட டீயா, அப்பா தலைக்குள்ள அந்தப் பத்தையும் இவளே ஆணி அடிச்சு இறக்கியிருக்கா. அதைக் கேட்டுக் கேட்டு எதை அளந்தா? ஊருக்கெல்லாம் சொல்லித் தர்ற விஷயம் தன் வீட்டு மேஜையில தெரியாமப் போச்சே. தெரியாமயும் இல்ல. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தா. அந்தத் தண்ணி இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா, மாமா கை இல்ல, அந்தப் பிஞ்சுக் காலு. அதுக்கு மேல நினைக்க முடியாம எந்திரிச்சுப் பெரிய மேடம் அறைக்குப் போனா.

"மேடம், நம்ம முதல் லிஸ்ட்டு எங்க வீட்டுல இருக்கு."

"பேப்பரா?"

"இல்ல. எங்கப்பா வாயில. பேத்திக்குத் தாலாட்டாப் பாடுறாரு."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சா. கொஞ்சம் திட்டவும் செஞ்சாங்க. அப்புறம் கேட்டாங்க, "தாலாட்டு ராகம் நல்லாயிருக்கா?" கேள்வியம்மா சிரிக்கப் போய் அழுதுட்டா. ரெண்டாவது லிஸ்ட்டு ஒண்ணு இருந்துச்சு. அது எந்த வீட்டுக்கும் போகாதது. சொந்தக்காரங்களை நாமளே சோதிக்கக் கூடாதுன்னும் ஒரு விதி உண்டு. "அப்பாவைக் கூட்டிட்டு வா. நான் உக்காருறேன். நீ வெளிய இரு"ன்னாங்க.

டிரைவர்கிட்ட என்ன சொல்றதுன்னு வழி நெடுக யோசிச்சா. அவருக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியே வரல. "பெரிய மேடமே எனக்கு டெஸ்ட் வைக்கிறாங்களா?" லைசென்ஸ் புதுப்பிக்கப் போற மாதிரி கிளம்பினாரு. இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. போறதுக்கு முன்னாடி கேள்வியம்மா லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போனா. கதவு திறந்ததும், "மாமா, தப்பு எம்மேலதான்"னா. அவரு ஒண்ணும் கேக்கல. செருப்பைத் தேடினாரு.

அந்த அறைக்கு வெளிய இருக்கிற நாற்காலியில கேள்வியம்மா அது வரைக்கும் உக்காந்ததே இல்ல. இரும்பு நாற்காலி, சில்லுன்னு இருந்துச்சு. எத்தனை பேரு பொண்டாட்டி, எத்தனை பேரு புள்ளைங்க இதுல உக்காந்து கையைப் பிசைஞ்சிருப்பாங்க. ஒரு மெத்தை போடச் சொல்லணும்னுகூட இத்தனை நாள் தோணலயேன்னு நினைச்சா. பக்கத்துல லிஃப்ட்காரர், மடியில குழந்தை. நட்டநடுப் பகல், தூங்காம முறுக்கிக்கிட்டு இருக்கா. கதவு சரியாச் சாத்தாது. உள்ள பேசுறது கேக்கும்.

"சார், நான் பத்து வார்த்தை சொல்றேன். கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லணும்."

"தெரியும் மேடம். நான் பழைய ஆளு."

"ஏணி, கொக்கு, சோப்பு..." பெரிய மேடம் நிதானமா வாசிச்சாங்க. வாசிச்ச உடனே கேட்டப்ப ஏணி வந்துச்சு, சோப்பு வந்துச்சு, இன்னும் ஒண்ணு ரெண்டு தட்டுத் தடுமாறி வந்துச்சு. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கிட்டாரு. அப்புறம் படம், எண்ணு, கதை. பென்சில் சத்தம். டிரைவர் ஏதோ ஜோக் அடிச்சாரு, அவரு மட்டும் சிரிச்சாரு.

கடைசியில மேடம் கேட்டாங்க. "சார், ஆரம்பத்துல பத்து வார்த்தை சொன்னேனே. அது என்ன?"

"இதென்ன மேடம் பிரமாதம்." தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "வாளி. புறா. ஜன்னல். எலுமிச்சை..."

கேள்வியம்மா நாற்காலி விளிம்பைப் பிடிச்சா. உள்ள குரல் தடங்கல் இல்லாமப் போகுது. பாதியில அவருக்கே தெரியாம ராகமும் வந்துருச்சு. சட்டை... மேகம்... ஹாரன்... லிஃப்ட்காரர் மடியில முறுக்கிக்கிட்டிருந்த குழந்தை ஒரு கொட்டாவி விட்டா. தங்கச்சி... பாறை... கண்ணு சொருகிச்சு. பொம்மைக்கு வர்றப்ப தூங்கிட்டா.

"சரி சார். அடுத்தது."

அந்தச் "சரி"யைக் கேள்வியம்மா எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்கிறது அதுதான் முதல் தடவை.

டிரைவர் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாரு, மூஞ்சி பூரா பல்லு. "பத்துக்குப் பத்து! உங்க மேடம் வாயடைச்சுப் போயிட்டாங்க."

கேள்வியம்மா நாற்காலியை விட்டு எந்திரிக்கல. லிஃப்ட்காரர்தான் எந்திரிச்சாரு. "நீங்க விடுவீங்களா சம்பந்தி. இந்தாங்க, பேத்தியைப் பிடிங்க. எனக்குக் கை மரத்துப் போச்சு." டிரைவர் தூங்குற குழந்தையை வாங்கித் தோள்ல சாச்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஸ்கேன், ரத்தம், நரம்பு டாக்டர். டிமென்ஷியா, மறதி நோய்ன்னாங்க. ஆரம்பக் கட்டம், மெதுவாத்தான் போகும், ஆனா திரும்பி வராது. இவளுக்குப் புதுசா ஒண்ணும் சொல்லல. புதுசு எதுன்னா, அதை வீட்டுல சொல்றது. வேலையில சோதிக்கிறது மட்டும்தான் இவ, சொல்றது எப்பவும் வேற டாக்டர். இந்தத் தடவை, நானே சொல்றேன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டா.

சமையலறை மேஜை. டீ. லிஃப்ட்காரர் தொட்டிகிட்ட முதுகு காட்டிப் பால் பாட்டில் கழுவிக்கிட்டிருந்தாரு. டிரைவரே ஆரம்பிச்சாரு, வழக்கம் போல.

"மார்க் எவ்வளவு?"

"அப்பா, அவங்க சொன்னது வேற பத்து."

"வேற பத்தா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நான் சொன்னது?"

"நம்ம வீட்டுப் பத்து."

டிரைவர் ஸ்பூனை டம்ளருக்குள்ள ஒரு சுத்து சுத்தினாரு. "நம்மளோடதுல எத்தனை சரி?"

"பத்தும் சரி."

"அவங்களோடதுல?"

அவ ஆயுசுல யாருக்கும் மார்க் சொன்னதில்ல. குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "கடைசியில கேட்டப்ப ஒண்ணுகூட இல்லப்பா."

தொட்டிக் குழாய்ல தண்ணி நின்னுச்சு. லிஃப்ட்காரர் திரும்பல. அப்புறம் டிரைவர் கேட்டாரு, சின்னப் பையன் மாதிரி. "அப்ப குழந்தையை எங்கிட்ட குடுக்க மாட்டியா?"

கேள்வியம்மா மேஜையில சிந்தின டீயை விரலால துடைச்சா. குடுக்கிறேன்னு சொன்னா பொய், மாட்டேன்னு சொன்னா அந்த மனுஷன் அங்கயே உக்காந்தபடி செத்துருவாரு. வேலையை விட்டுறலாமான்னுகூட ஓடிச்சு. அவ வேலையை விட்டா அதுக்கும் காரணம் தான்தான்னு அவருக்குத் தெரியாமயா போகும்?

டிரைவரே டம்ளரைத் தள்ளி வெச்சாரு. "எனக்கு ஒரு கண்டக்டர் போடு."

"என்னப்பா?"

"கண்டக்டர் இல்லாம நான் எந்த வண்டியை எடுத்தேன்? அவன் குரல் குடுக்காம கியர்ல கைய வெச்சதில்ல. பின்னாடி யார் ஏறுறாங்க, யார் படியில தொங்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை அவன் பாப்பான். நான் ஓட்டுவேன்." தொட்டிப் பக்கம் தாடையைக் காட்டினாரு. "அந்தாளு வெட்டியாத்தானே இருக்காரு."

லிஃப்ட்காரர் ஈரக் கையோட திரும்பினாரு. "நான் உமக்குக் கண்டக்டரா?"

"வேற என்ன தகுதி இருக்கு உமக்கு?"

"யோவ், எத்தனை மாடிக் கட்டடத்துல எல்லாம் வேலை பாத்தவன்யா நான்."

"பாத்தீரு. அங்கயும் மேல ஒருத்தன், கீழ ஒருத்தன் நின்னு குரல் குடுத்துக்கிட்டுத்தானே கயித்தைத் தொட்டீங்க?"

லிஃப்ட்காரர் யோசிச்சாரு. "அது சரிதான். தனியா எவனும் தொட மாட்டான்." பாட்டிலைக் கவுத்து வெச்சிட்டு எதிர்ல வந்து உக்காந்தாரு. "சம்பளம் உண்டா?"

"டீ உண்டு."

அன்னைல இருந்து நடக்குது. லிஃப்ட்காரர் விடிஞ்சதும் வந்துருவாரு. டிரைவர் குழந்தைக்கு எது செய்யிறதா இருந்தாலும் முதல்ல வாய்விட்டுக் கேப்பாரு, அந்தப் பக்கம் இருந்து குரல் வராம கை நகராது. "தண்ணி?" "கைய விட்டுப் பாத்தேன், போலாம்." "பால்?" "இப்பத்தான்யா குடிச்சா, நில்லும்." கேக்கிறவங்களுக்கு வீட்டுக்குள்ள பஸ் ஓடுற மாதிரி இருக்கும். சண்டையும் உண்டு. ஒரே கேள்வியை டிரைவர் நாலு தடவை கேக்கிற நாள்ல லிஃப்ட்காரர் நாலு தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லுவாரு. அப்புறம் பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியா நின்னுட்டு வருவாரு. இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஓரளவு தெரியும், அதனாலதான் சொல்ல மாட்டேங்கிறா.

இரும்பு நாற்காலிக்கு மெத்தை வந்துருச்சு. முதல் லிஸ்ட்டை இவ வீட்டுத் தெருவுல யாருக்கும் போடக் கூடாதுன்னு பெரிய மேடம் சொல்லிட்டாங்க. லிஃப்ட்காரர், "எங்க பேத்திக்கு எண்பது வயசுல டெஸ்ட் வெச்சுப் பாருங்க, பத்துக்குப் பத்து வாங்குவா"ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.

இன்னைக்குத்தான் கேள்வியம்மா முழு நாள் வேலைக்குக் கிளம்பினா. காலையில குளியல் முடிஞ்சு, பவுடர் போட்டு, குழந்தை டிரைவர் தோள்ல கிடந்தா. கண்டக்டர் ஜன்னல் கதவைச் சாத்திட்டு, "போலாம்"னு குரல் குடுத்தாரு. டிரைவர் நடந்துக்கிட்டே ஆரம்பிச்சாரு. வாளீ... புறா... ஜன்னல்... எலுமிச்சை... சட்டை... மேகம்...

நின்னுச்சு.

மறுபடி மேகம்னாரு. காலும் நின்னுருச்சு. குழந்தை பாதி மூடின கண்ணைத் திறந்து தாத்தா தாடையைப் பாத்தா. லிஃப்ட்காரர் ஜன்னல்கிட்ட அப்படியே நின்னாரு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட விட்டுப் போகாத பத்து அது. டிரைவர் மெதுவாக் கழுத்தைத் திருப்பி, வாசப்படியில பையை மாட்டிக்கிட்டு நிக்கிற மகளைப் பாத்தாரு.

எடுத்துக் குடுக்கக் கூடாதுங்கிறது சட்டம். அந்த அறையில எத்தனையோ பேர் அவளை அப்படிப் பாத்திருக்காங்க, யாருக்கும் அவ குடுத்ததில்ல.

"ஹாரன்ப்பா"ன்னா. "நீங்க குடுத்ததுதான்."